பச்சை சோபா வந்து போன நாள்

குஷன்காரர் வீட்டில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். வேலைக்கு வந்த சோபாவில் வீட்டு ஆட்கள் உட்காரக் கூடாது. மற்றதில் எல்லாம் அவர் தாராளம். மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாலும் கண்டுகொள்ள மாட்டார், குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும் தட்டைத் தள்ள மாட்டார். ஆனால் செருப்பைக் கழற்றுவதற்காக யாராவது ஒரு நொடி வாடிக்கையாளர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், வாயில் கவ்வியிருக்கும் ஆணிகளைத் துப்பிவிட்டுக் கத்த ஆரம்பித்துவிடுவார். "அது நம்ம பொருளா? நம்ம பொருளா அது?" என்று இரண்டு முறை கேட்பார். இரண்டாவது முறை கேட்பதற்குள் உட்கார்ந்தவர் எழுந்திருப்பார்.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் ஒரே அறை, அதை ஒட்டி ஆள் திரும்ப முடியாத சமையலறை. பட்டறையில் எப்போதும் இரண்டு சோபாவாவது ஸ்பிரிங்கும் பஞ்சும் வெளியே தெரியக் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பின்னறையில் ஒரு தகர அலமாரி, சுருட்டி வைத்த பாய்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் ஒரு கால் விரிசல் விட்டுக் கம்பி சுற்றியிருந்தது. யாராவது வந்தால், "இந்தப் பக்கமாச் சாஞ்சு உக்காருங்க" என்று சொல்லித்தான் போட வேண்டும். ஊருக்கெல்லாம் இருக்கை செய்து கொடுக்கிறவருக்குத் தன் வீட்டுக்கு ஒன்று செய்துகொள்ள நேரமில்லை என்பது அவர் சொல்லும் காரணம். பலகை வாங்கக் கையில் இல்லை என்பது மனைவி சொல்லாமல் விடும் காரணம்.

மகளுக்குப் பத்து வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். "அரை மணி நேரமாக் கூப்பிடறேன்" என்று அம்மா சொன்னால், "ஏழு நிமிஷம்தாம்மா ஆச்சு" என்பாள். வீட்டுக்கு வந்தவரிடம் அப்பா மரியாதைக்காக, "நேத்துதான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், "நேத்து இல்லப்பா, போன மாசம்" என்பாள். இவளை வைத்துக்கொண்டு ஒரு குட்டிப் பொய்கூடச் சொல்ல முடியவில்லை என்று அவர் கடைத்தெருவெல்லாம் அலுத்துக்கொள்வார். அது அலுப்பு இல்லை என்று கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய வகுப்பு டீச்சர். பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு தனியார் விடுதிப் பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். நூலகம் மட்டுமே இவர்கள் தெரு நீளம் இருக்கும் என்றார் டீச்சர். அன்றிலிருந்து வக்கீல் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அந்த நூலகத்தில் ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்று டீச்சரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். தேர்வு எழுதிய இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் இரண்டாவதாக வந்தாள்.

தகுதி உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அதில் ஒரு சங்கதி இருந்தது. தகுதிக்குக் கொடுப்பது பாடம் சொல்லித்தரும் கட்டணத்துக்கு மட்டும்தான். தங்குவது, சாப்பாடு, புத்தகம், சீருடை எல்லாம் தனி. அதற்கும் நிதியுதவி உண்டு, ஆனால் அது மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுப்பதில்லை, வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுப்பது. முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் அவள் போக முடியாது. குஷன்காரர் தலைகீழாக நின்று சோபா தைத்தாலும் அந்தத் தொகை எட்டாது. மாதச் சம்பளக்காரர்கள் என்றால் சம்பளச் சீட்டை நீட்டலாம். பட்டறை வைத்திருப்பவர் எதை நீட்டுவார்? அதனால் பள்ளியிலிருந்து ஒரு அம்மாள் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது.

தேர்வில் கணக்கும் மொழியும் முடிந்த பிறகு, 'நான் படிக்கும் இடம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம்.

"என்ன எழுதின?" என்று அன்றைக்கே குஷன்காரர் கேட்டார்.

"இருக்கறதத்தான் எழுதினேன்."

"கொஞ்சம் நல்லா எழுதியிருக்கலாம்ல?"

"நல்லாத்தான் எழுதினேன். ஒரு அடித்தல்கூட இல்ல."

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அத்தோடு அதை மறந்தும் போனார்.

வீடு பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமையே மனைவி வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டாள். சனிக்கிழமை எட்டரைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்து அறை நடுவில் போட்டாள். குஷன்காரர் அதைப் பார்த்தார். போய்ச் சவரம் செய்துகொண்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"இதுலயா அந்தம்மா உக்காரப் போறாங்க?"

"வேற எதுல உக்காரணும்?"

"கால் மடங்கி விழுந்து வெச்சா?"

"சாஞ்சு உக்காரச் சொல்லுவோம். நம்ம நிலைமையப் பாக்கத்தானே வராங்க."

"பாக்கட்டும், வேண்டாங்கல. குஷன்காரன் வீட்டுல குந்த இடமில்லன்னு போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

பட்டறையில் பல் டாக்டருடைய சோபா இருந்தது. மூன்று பேர் உட்காரும் அகலம், கரும்பச்சை வெல்வெட். மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டி முந்தாநாள்தான் முடித்திருந்தார். கைப்பிடி வளைவில் தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரே தேடினால்தான் கிடைக்கும். அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டு வண்டி வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அவர் பார்வை போன திசையை மனைவி பார்த்தாள். "ஏங்க, அது அடுத்தவங்களோடது."

"ஒரு மணி நேரம். தேஞ்சா போயிடும்?"

கதவோரம் நின்றிருந்த வக்கீல், "அப்பா, அதுல உக்காரக் கூடாதுல்ல?" என்றாள்.

"நாமதான் உக்காரக் கூடாது. வர்றவங்க உக்காரலாம்."

"அப்படி ஒரு விதி இல்லையே."

"இப்பப் போட்டுட்டேன். அந்தப் பக்கம் பிடி."

மடத்தனம் என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடலாம். உதவி வேண்டும் என்று எழுதிப் போட்டவர், உதவியே வேண்டாத வீடு மாதிரி ஜோடித்து வைத்தால் யார் கொடுப்பார்கள்? அவருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் வாசலுக்கு ஒரு ஆள் வருகிறார் என்றால் நம்மில் பலருக்கு யோசனை பின்தங்கிவிடுகிறது, கை முந்திக்கொள்கிறது. கிழிந்த பாயை ஒளித்துவைத்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து நல்ல டம்ளரை இறக்குகிற கை. அதே கைதான் அன்றைக்குச் சோபாவையும் இழுத்தது. கதவைக் கீலோடு கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. சோபா வந்ததும் அறையில் வேறு எதற்கும் இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டார்.

வந்த அம்மாள் கண்ணாடி போட்டிருந்தார். துணிப்பையில் ஒரு கோப்பு. அதட்டலாக ஒரு வார்த்தை கிடையாது, உள்ளே வரும்போது செருப்பைக்கூடத் தானாகவே கழற்றி ஓரமாக வைத்தார். சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தொழில் எப்படிப் போகுது?"

"குறை ஒண்ணும் இல்லீங்க மேடம்."

யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அதுதான். கடைக்கு முன்னால் போகிறவர் கேட்டாலும் அதே பதில். சமையலறை வாசலில் மனைவி லேசாக இருமினாள். அவர் கவனிக்கவில்லை.

"மாசம் முழுக்க வேலை இருக்குமா?"

"கை ஓயாது மேடம்."

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கைப்பிடியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். "ரொம்ப அருமையா இருக்கே. இது வேலைக்கு வந்ததா?"

கேள்வி நேராகத்தான் வந்தது. ஆமாம் மேடம் என்றால் கதை முடிந்தது. ஆனால் அந்த அம்மாளுடைய கை சரியாக அந்த வளைவில், தையல் ஒளிந்திருக்கும் இடத்தில் இருந்தது. மூன்று வாரத்தில் அந்த வேலையை மெச்சிய முதல் ஆள் அவர்.

"இல்ல மேடம். நம்மளுதுதான். வீட்டுக்குன்னே செஞ்சது."

அந்த அம்மாள் கோப்பைத் திறந்து உள்ளே ஒரு தாளைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தார். "நீ இதுல உக்காந்துதான் படிப்பியாம்மா?"

ஏழு நிமிடத்தை அரை மணி நேரம் என்று சொல்லவிடாத பெண். குஷன்காரருக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மகள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமா" என்றாள்.

"வா, வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து சோபாக்களுக்கு நடுவில் வளர்ந்தவள் முதன்முதலாக ஒன்றில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஓரத்தில் கொஞ்சமாக, பாரத்தையெல்லாம் கால் விரல்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது பேருந்து நிறுத்தம் வரை வழி காட்ட வக்கீலை அந்த அம்மாள் கூட அழைத்துப் போனார். திரும்பி வரப் பத்து நிமிடமானது.

"என்ன கேட்டாங்க?"

"பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க."

மகள் பட்டறைக்குப் போய்த் துணி பிரஷ்ஷை எடுத்து வந்து சோபா முன்னால் மண்டியிட்டாள். வெல்வெட்டில் உட்கார்ந்தால் தடம் தெரியும். அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்தையும் தான் உட்கார்ந்த ஓரத்தையும் ஒரே பக்கமாகத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தாள். சாயங்காலம் வண்டி வந்தது, சோபா போனது, கதவை மறுபடி மாட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தகுதிப் பட்டியலில் இடம்பெற்றதற்கு வாழ்த்து. நிதியுதவி வழங்க இயலாமைக்கு வருத்தம். மனைவி படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தி ஆறியிருப்பார். அவள் திட்டவில்லை. வக்கீல் வாழ்த்துப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு, உள்ளூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு என்றைக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டாள்.

குஷன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன சோபா கண்ணை உறுத்தித்தான் காரியம் கெட்டது என்று நினைத்தார். போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று பத்து நாள் தள்ளினார். சோபாவை வண்டியில் ஏற்றியபோது டாக்டர் வீட்டு ஆளிடம் கையெழுத்து வாங்கிய சீட்டு கண்ணில் பட்ட அன்று, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.

பள்ளி அலுவலகத்தில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். பழக்க தோஷத்தில் ஒன்றை அழுத்திப் பார்த்தார், நல்ல ஃபோம். அதே கண்ணாடிக்கார அம்மாள்தான் உள்ளே கூப்பிட்டார்.

"மேடம், எங்க வீட்டுல வசதி இருக்குன்னு நீங்க நெனச்சிட்டீங்க..."

"அதுக்காக நிறுத்தலங்க. ஒரு சோபா இருந்தா உதவி கிடையாதுன்னு இங்க விதி எதுவும் இல்ல. எத்தனையோ வீட்டுல டிவி இருக்கு, வண்டி இருக்கு, குடுத்திருக்கோம்." கோப்பை எடுத்துப் புரட்டினார். "பிள்ளை எழுதினதும் நாங்க நேர்ல பார்த்ததும் ஒத்துப்போகணும். அது ஒண்ணைத்தான் கண்டிப்பாப் பாக்கறோம்."

ஒரு தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். மகளுடைய கையெழுத்து. அடித்தல் இல்லை.

'எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி உண்டு. அதன் மூன்று கால்கள் நன்றாக இருக்கின்றன. சோபாக்கள் நிறைய வரும், ஆனால் எதுவும் எங்களுடையது இல்லை. அவற்றில் நாங்கள் உட்காருவதில்லை. உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆசை உண்டு. ஆனால் அப்பா சொல்வது சரி. அடுத்தவர் துணி ஒரு முழம் மிஞ்சினாலும் அப்பா திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் தரையில் உட்கார்ந்து ஒரு பலகையின் மேல் புத்தகம் வைத்துப் படிக்கிறேன். அப்பா அதை நன்றாக இழைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு சிராய்கூடக் குத்தியதில்லை.'

அவர் மெதுவாகப் படிப்பவர். ஒரு தடவை படித்து முடிக்கவே நேரமானது. முடித்த பிறகும் தாளை விடாமல் பிடித்திருந்தார்.

"இதுல இருக்கறதெல்லாம் நெசம் மேடம்" என்றார். "அந்த சோபா பல் டாக்டரோடது. பொய் சொன்னது நான்."

சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அந்த அம்மாள் தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கும் அன்னிக்கே ஒரு சந்தேகம்தான். ஓரத்துல உக்காந்திருந்தா. சொந்த சோபாவுல பிள்ளைங்க அப்படி உக்காராது. அதனாலதான் பஸ் ஸ்டாப்புல வெச்சுத் தனியாக் கேட்டேன். நீ எழுதினது சரியா, அப்பா சொன்னது சரியான்னு."

குஷன்காரர் நிமிர்ந்தார்.

"நான் எழுதினதுதான் பொய்னு சொன்னா. அப்படின்னா உதவி கிடைக்காமப் போகலாம், தெரியுமாம்மான்னும் கேட்டேன். தெரியும்னா. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னா." கழற்றிய கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "பத்து வயசுப் பிள்ளைகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. பத்து நாளைக்கு முன்னால நீங்க வந்திருந்தா..."

ஆறு பேருக்குத்தான் நிதியுதவி. ஆறு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பைத் தவிர வேறு எந்த வகுப்பிலும் புதிதாகச் சேர்ப்பதில்லை. அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு வாதாட வராது. வாதாடுகிற ஆள் வேறு, அவளையும் வாயடைத்துவிட்டாயிற்று.

"ஒரே ஒரு உதவி மேடம். இடம் வேண்டாம். என் பொண்ணு எழுதினது உண்மைன்னு அந்தக் கோப்புல எழுதிடுங்க. யாராவது எப்பவாவது பிரிச்சுப் பாத்தா, அவளத் தப்பா நெனச்சிடக் கூடாது."

அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். இரண்டு வரி எழுதித் தேதி போட்டு, அவரும் படிக்கட்டும் என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் படித்துவிட்டுக் கும்பிட்டார். வெளியே வரும்போது வழியில் நூலகம் இருந்தது. கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே நீளமாக, முடிவு தெரியாமல் அலமாரிகள். இவர்கள் தெருவைவிட நீளமாகத்தான் இருக்கும் போலிருந்தது. நின்று பார்க்கத் தைரியம் வராமல் வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. வக்கீல் தரையில் பலகையை வைத்துக்கொண்டு, புதுப் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். சிராய் இல்லை.

"எங்கப்பா போயிட்டு வந்தீங்க?"

"உன் பள்ளிக்கூடத்துக்கு."

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கா?"

"இல்ல, லைப்ரரி இருக்கற பள்ளிக்கூடத்துக்கு."

அவள் கை நின்றது.

"நீ எழுதினதப் படிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. நான் சொன்னதுதான் பொய்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன். கோப்புலயும் எழுதிட்டாங்க, நான் பாத்தேன்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. இடம் கிடைத்துவிட்டதா என்றாவது கேட்பாள் என்று நினைத்தார். அவள் முகம் வாடிவிட்டது. கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏம்ப்பா சொன்னீங்க?" என்றாள். "அவங்க இப்ப உங்களத் தப்பா நெனச்சிருப்பாங்கல்ல?"

மகள் குனிந்து, விட்ட இடத்திலிருந்து அட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மனைவி சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் போட்டாள். அவர் அதில் உட்காரவில்லை, தரையிலேயே இருந்தார்.